கோலி சோடாவுக்கும் கரைக்கிற ஊசிக்கும் நடுவே எட்டு மணி நேரம்

என் தாய்மாமா வடசென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கூடை வைத்து விற்கிற பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவர். அங்கே நாள் தொடங்குவதே ராத்திரி இரண்டு மணிக்கு. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே, மூன்று மணி வாக்கில் நெஞ்சுக்கு நடுவே ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்தது மாதிரி ஒரு அழுத்தம், சட்டை பிழியும் அளவுக்கு வேர்வை. பக்கத்தில் நின்றவர் "அண்ணே, கேஸா இருக்கும், ஒரு சோடா குடிங்க" என்று கோலி சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். குடித்ததும் பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது, கொஞ்சம் லேசானது போலவும் இருந்தது. சரி, கேஸ்தான் என்று மாமா வேலையை முடித்துவிட்டு ஐந்து மணிக்கு கொருக்குப்பேட்டை வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

ஓமத் தண்ணீர், ஜெலுசில், முதுகில் தைலம் என்று நேரம் போனது. ஏழு மணிக்கு அத்தை "என்னங்க, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது, டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்று கூப்பிட்டபோது, "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்றார். ஒன்பது மணிக்குத் தெருமுனை கிளினிக் திறந்ததும் போனார்கள், அங்கே வாயுவுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள், ஈசிஜி எடுக்கவில்லை, எடுக்க அங்கே மெஷினும் இல்லை. பத்து மணிக்கு வாந்தி. அப்புறம்தான் பயந்து ஆட்டோ பிடித்தார்கள். ரயில்வே கேட் போட்டிருந்தது, கேட் திறந்தால் அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரி. அரசு மருத்துவமனை வாசலில் இறங்கும்போது பதினொன்றே கால். ஐந்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்து, பெரிய அட்டாக் என்று சொல்லி, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள், அடுத்த நாள் ஆஞ்சியோ செய்து (இதயக் குழாயில் சாயம் விட்டு எக்ஸ்ரேயில் அடைப்பைப் பார்த்து) ஸ்டென்ட் வைத்தார்கள். மாமா இன்று உயிரோடு இருக்கிறார். ஆனால் இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோவில் பம்பிங், அதாவது உள்ளே நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளுவது, 35 சதவீதம்தான், நல்ல இதயத்துக்கு அது 55-க்கு மேலே இருக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு முறை நிற்கிறார்.

அந்த எட்டு மணி நேரம் என்னை விடவே இல்லை. மாரடைப்பு பற்றிய ஆராய்ச்சி எப்படி நடந்தது, எதைக் கண்டுபிடித்தார்கள், எங்கே நின்றுபோனார்கள் என்று தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே என்ன செய்ய வேண்டும் என்பதை ஆராய்ச்சி பெரும்பாலும் ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. வாசலுக்கு வெளியே, தெருவிலும் வீட்டிலும் கேட்டுக்கு முன்னாலும் ஓடுகிற நேரத்தைப் பற்றிய ஆராய்ச்சிதான் இன்னும் அரைகுறையாக இருக்கிறது, வடசென்னை மாதிரி ஊர்களுக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

முதலில் உள்ளே நடக்கிறதைச் சொல்லிவிடுகிறேன்.

இதயம் ஊர் முழுக்க ரத்தம் அனுப்பினாலும், தனக்கு வேண்டிய ரத்தத்தை மேலே ஓடுகிற சில சின்னக் குழாய்கள் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. அந்தக் குழாயின் சுவரில் வருடக்கணக்கில் கொழுப்பு படிகிறது. படிந்தது ஒரு நாள் வெடிக்கும்போது, உடம்பு அதைக் காயம் என்று நினைத்து அங்கே ரத்தத்தை உறைய வைக்கிறது, குழாய் அடைபடுகிறது. இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்படி இதைச் சொல்லிவிடலாம், ஆனால் 1970-களில்கூட மருத்துவர்களுக்குள் இதில் சண்டை இருந்தது. பிணப் பரிசோதனையில் சில இதயங்களில் கட்டி இருந்தது, சிலவற்றில் இல்லை. அதனால் கட்டி வந்ததால் அட்டாக் வந்ததா, அட்டாக் வந்து தசை செத்த பிறகு கட்டி சேர்ந்ததா என்று ஒரு சாரார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1980-இல் அமெரிக்காவில் மார்க்கஸ் டிவுட் என்பவரும் கூட இருந்தவர்களும், அட்டாக் வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே நோயாளிகளுக்கு ஆஞ்சியோ செய்து பார்த்தார்கள். அப்போது அது ஆபத்தான துணிச்சல் என்று கருதப்பட்டது. நான்கு மணி நேரத்துக்குள் பார்த்த 126 பேரில் 110 பேருக்குக் குழாய் முழுசாக அடைபட்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பார்த்தவர்களில் அது 65 சதவீதமாகக் குறைந்திருந்தது, ஏனென்றால் சில கட்டிகள் தாமாகவே கரைந்துபோயிருந்தன. பிணப் பரிசோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் அதில் விளங்கிவிட்டது. கட்டிதான் காரணம், அப்படியானால் அதைக் கரைத்தால் ஆளைக் காப்பாற்றலாம்.

எவ்வளவு சீக்கிரம் கரைக்க வேண்டும் என்பதற்கு அதற்கும் முன்பே ஒரு பதில் வந்திருந்தது. 1977-இல் ரெய்மர், ஜென்னிங்ஸ் முதலானோர் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி வைத்து, வெவ்வேறு நேரத்தில் அவிழ்த்துப் பார்த்தார்கள். ரத்தம் நின்ற பகுதியில் 40 நிமிடத்தில் அவிழ்த்தால் 38 சதவீதம் தசை செத்திருந்தது, மூன்று மணி நேரத்தில் 57, ஆறு மணி நேரத்தில் 71, அவிழ்க்கவே இல்லை என்றால் 85. சாவு இதயத்தின் உள்சுவரில் தொடங்கி வெளிச்சுவரை நோக்கி அலை மாதிரி நகர்கிறது என்று எழுதினார்கள். காசிமேட்டில் வளர்ந்தவனுக்கு அலை என்ற சொல் சட்டென்று புரிகிறது. கரையில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

கரைக்கிற மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி சுரக்கிற ஒரு பொருள் ரத்தக்கட்டியைக் கரைக்கிறது என்று 1933-லேயே வில்லியம் டில்லெட் கண்டுபிடித்திருந்தார். இங்கே ஒரு நிமிடம் நின்று சொல்ல வேண்டும்: இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்துக் கிருமிதான் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலியாக வந்து, சரியாக மருந்து கொடுக்காவிட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, இதய வால்வைக் கெடுத்து வைக்கிறது. நெருக்கமான வீடுகளில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற இடங்களில் அது பரவுவது சுலபம். வால்வு கெட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஒரு பெண் எங்கள் தெருவிலேயே இருந்தாள். 2021-இல் உகாண்டாவில் 818 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. அறிகுறி தெரியும் முன்பே எக்கோவில் வால்வுக் கோளாறு தென்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் அந்த ஊசி போட்டதில், நோய் முற்றியவர்கள் 0.8 சதவீதம், ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம். பணக்கார நாடுகள் ஏறக்குறைய மறந்துவிட்ட நோய் என்பதால் இதற்கு ஆராய்ச்சிப் பணம் வருவதும் குறைவு.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 1986-இல் இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சோதித்து, உயிர் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். 1988-இல் ஐசிஸ்-2 என்ற ஆய்வு, 417 மருத்துவமனைகளில் 17,187 பேர். ஒரு பிரிவுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரின், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. ஐந்து வாரத்தில் பார்த்தால், ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததில் இறப்பு 23 சதவீதம் குறைந்தது, ஊசி மட்டும் போட்டதில் 25 சதவீதம், இரண்டும் சேர்த்தால் 42 சதவீதம். தலைவலிக்குப் போடுகிற ஆஸ்பிரின், விலை சில பைசா, அது ஒரு ஊசிக்குச் சமமாக உயிரைக் காப்பாற்றுகிறது என்பதை அன்றைக்குப் பலர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, நம் ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக, வியாதி வாரியாகப் பிரித்துப் பிரித்து முடிவுகளைத் தாருங்கள் என்று கேட்கப்பட்டபோது, அப்படிப் பிரிப்பதில் உள்ள ஆபத்தைக் காட்டுவதற்காகவே, ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள் (பிறந்த தேதியை வைத்து மேல்நாட்டார் கணக்குப் போடுகிற ராசி). மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல், மற்ற பத்து ராசிக்கும் பெரிய நன்மை என்று வந்தது. கணக்கில் தப்பு இல்லை. பதினேழாயிரம் பேரைத் துண்டு துண்டாக வெட்டினால் ஏதாவது ஒரு துண்டில் தற்செயலாக இப்படி வரத்தான் செய்யும். வாட்ஸ்அப்பில் "ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்று ஆய்வு சொல்கிறது" என்று யாராவது அனுப்பும்போதெல்லாம் எனக்கு மிதுன ராசி ஞாபகம் வரும்.

1996-இல், இப்படி நடந்த 22 ஆய்வுகளைச் சேர்த்து, ஐம்பதாயிரம் நோயாளிகளின் கணக்கை நேர வாரியாகப் பார்த்தார்கள். வலி வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கரைக்கிற ஊசி போட்டால் ஆயிரம் பேருக்கு 65 உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் அது 37. மூன்றாவதில் 26. பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒற்றை இலக்கம். கோல்டன் அவர் என்று போஸ்டரில் போடுகிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கிற எண்கள் இவைதான். அதே மருந்து, அதே அளவு, அதே நோய், மணி மட்டும் வேறு. பிற்பாடு கையிலோ தொடையிலோ குழாய் விட்டு நேரடியாக அடைப்பைத் திறக்கிற முறை வந்தது, நேரத்துக்குச் செய்ய முடிந்தால் ஊசியைவிட அது மேல் என்று 2003-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அதற்கு கேத் லேப் என்கிற தனி அறை வேண்டும், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வேண்டும். கிட்டத்தில் அது இல்லையென்றால் முதலில் ஊசி, பிறகு ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ என்கிற நடு வழியும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்று 2013-இல் இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. மாமாவுக்குச் செய்தது இந்த நடு வழிதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இதய வைத்தியம் எங்கோ தூரத்தில் இருந்து வந்த சமாச்சாரமே இல்லை. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஸ்டான்லி பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது, இந்தப் பக்கத்து ஏழைகளின் நான்கைந்து தலைமுறை அங்கேதான் பிறந்திருக்கிறது, பிழைத்திருக்கிறது. அறிவும் ஆளும் கட்டடமும் பக்கத்திலேயே இருந்தும் மனிதர் வாசலுக்கு வந்து சேர எட்டு மணி நேரம் ஆகிறது என்றால், கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த நேரம் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை இந்தியாவில் பெரிய அளவில் கேட்டது கிரியேட் என்ற பதிவேட்டு ஆய்வு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் இருந்து டெனிஸ் சேவியர், கனடாவில் இருந்து சலீம் யூசுஃப் முதலானோர் சேர்ந்து, 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு நெஞ்சுவலியோடு வந்து இதய நோய் என்று உறுதியான 20,468 பேரைப் பதிந்து, 2008-இல் வெளியிட்டார்கள். வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர ஆன நேரம், எல்லோரையும் நேர வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் கணக்கில், 360 நிமிடம். ஆறு மணி நேரம். உள்ளே வந்த பிறகு ஊசி போட ஆனது 50 நிமிடம். மேலே சொன்ன நாய் இதயக் கணக்கில் ஆறு மணி நேரத்துக்கு என்ன என்று திரும்பிப் பாருங்கள்.

அதே ஆய்வின் இன்னொரு பக்கம்தான் என்னை அன்று ராத்திரி தூங்க விடவில்லை. ஏழை நோயாளிகளில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 8.2 சதவீதம், பணக்காரர்களில் 5.5. சரி, ஏழைக்கு நோய் முற்றி வருகிறது, பீடி குடிக்கிறார், சாப்பாடு சரியில்லை என்றுதானே உடனே சொல்லத் தோன்றும்? அவர்கள் அதையும் கணக்குப் போட்டார்கள். வயது, சர்க்கரை, புகை எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தாலும் அந்த இடைவெளி போகவில்லை. கிடைத்த சிகிச்சையைச் சமப்படுத்தியபோது மட்டும்தான் போனது. பணக்காரர்களில் 15.3 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட் போன்ற சிகிச்சை, ஏழைகளில் 2 சதவீதம். கொழுப்பு குறைக்கிற மாத்திரை 61.2 சதவீதம் ஒரு பக்கம், 36 சதவீதம் மறு பக்கம். மாத்திரைக்கும் அப்படித்தான் என்பதைக் கவனியுங்கள். ஏழைகளின் உடம்பில் ஏதோ குறை இருந்ததால் அந்த வித்தியாசம் வரவில்லை.

உலக அளவிலும் இதே கதை. ப்யூர் என்ற ஆய்வில் 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள், சென்னையும் அதில் ஒரு இடம். 2014-இல் வந்த முடிவு: இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் பணக்கார நாடுகளில்தான் அதிகம், ஏழை நாடுகளில் குறைவு. ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் சாகிறவர்கள் பணக்கார நாட்டில் 6.5 சதவீதம், அப்போது இந்தியாவும் சேர்ந்திருந்த குறைந்த வருமான நாடுகளில் 17.3. ஏற்கெனவே ஒரு முறை அட்டாக்கோ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்களில், அடுத்தது வராமல் தடுக்கிற எந்த மாத்திரையுமே எடுக்காதவர்கள் பணக்கார நாடுகளில் 11 சதவீதம், ஏழை நாடுகளில் 80 சதவீதம் என்று 2011-லேயே சொல்லியிருந்தார்கள். அதைப் படித்தபிறகுதான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற அக்காக்களின் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது.

நமக்கு இன்னொரு பாரமும் சேர்ந்திருக்கிறது. இண்டர்ஹார்ட் என்ற ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற வயது 53 என்றும், மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்றும் தெரிந்தது. வேலைக்குப் போகிற வயதில், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாத வயதில் வருகிறது. காரணங்கள் புதிதில்லை, புகை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, மன அழுத்தம் முதலான அதே ஒன்பது காரணங்கள் தெற்காசியாவிலும் பெரும்பகுதியை விளக்கிவிட்டன, அவை நம்மிடம் சீக்கிரம் வந்து சேர்கின்றன, அவ்வளவுதான். காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் நுண்துகள் ஒவ்வொரு பத்து மைக்ரோகிராம் கூடும்போதும் இதய, ரத்தநாள நோய் ஐந்து சதவீதம் கூடுகிறது என்று ப்யூர் ஆய்வே 2020-இல் காட்டியிருக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலையையும் எண்ணூரில் அனல்மின் நிலையத்தையும் பார்த்துக்கொண்டு தூங்கி எழுகிறவர்களுக்கு இது பேப்பரில் வந்த எண் மட்டும் இல்லை.

இப்போது அந்த சோடாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த நண்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது புரிந்துகொள்ளக்கூடிய தப்பு. நம் தோலில் எறும்பு கடித்தால் எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டலாம். இதயத்துக்கு அப்படி ஒரு வரைபடம் மூளையில் கிடையாது. இதயத்தின் வலி, உணவுக்குழாயின் வலி, வயிற்றின் மேல்பகுதி வலி எல்லாம் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன, அதனால்தான் தாடை, இடது கை, முதுகு, வயிற்றுக் குழி என்று எங்கெங்கோ வலிக்கிறது. இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக் வந்தால் வாந்தி, குமட்டல், ஏப்பம் எல்லாமே சேர்ந்து வரும். ஏப்பம் வந்ததால் அது கேஸ் என்று அர்த்தம் கிடையாது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் வேர்வையுமாக வரலாம், பெண்களுக்கும் நெஞ்சுவலி முன்னால் தெரியாமல் அசதி, முதுகுவலி, மூச்சு வாங்குதல் என்று வருவது ஆண்களைவிட அதிகம். கையால் தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பெரிய டாக்டராலும் முடியாது. ஈசிஜி எடுக்க வேண்டும். பத்து நிமிடம் கூட ஆகாது. முதல் ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சாகும்போது ரத்தத்தில் கசிகிற புரதம்) பார்க்க வேண்டும். "மைல்டு அட்டாக்தான்" என்று நாம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்கிறோமே, எது மைல்டு என்பது எவ்வளவு தசை போனது என்று பிற்பாடு தெரிகிற விஷயம்.

அப்படியானால் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, தெருவுக்குத் தெரு போஸ்டர் ஒட்டலாம் என்று. அமெரிக்காவில் ரியாக்ட் என்ற ஆய்வில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 20 நகரங்களை எடுத்து, பத்தில் மட்டும் 18 மாதம் டிவி, கூட்டம், துண்டறிக்கை என்று நெஞ்சுவலி பற்றிப் பிரசாரம் செய்தார்கள். 2000-இல் முடிவு வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது 20 சதவீதம் கூடியது, ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிற தாமதம் பிரசாரம் செய்யாத நகரங்களோடு ஒப்பிட்டால் குறையவே இல்லை. தெரிந்திருப்பது வேறு, விடியற்காலை மூன்று மணிக்கு அன்றைய ஏலப் பணத்தை விட்டுவிட்டு "எனக்கு அட்டாக்" என்று சொல்லிக் கிளம்புவது வேறு. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் சீர்திருத்தினால்? கேரளாவில் 63 மருத்துவமனைகளில் இருபத்தோராயிரம் நோயாளிகளிடம் அதையும் செய்து பார்த்தார்கள், சரிபார்ப்புப் பட்டியல், பயிற்சி எல்லாம் கொடுத்து. 2018-இல் வந்த முடிவில் சிகிச்சைத் தரம் கொஞ்சம் கூடியிருந்தது, இறப்பு முதலிய விளைவுகளில் உறுதியான வித்தியாசம் இல்லை.

தமிழ்நாட்டில் செய்தது இரண்டுக்கும் நடுவே இருக்கிற பாலத்தைக் கட்டுகிற வேலை. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி முதலானோர் நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி (குழாய் முழுசாக அடைபடுகிற பெரிய அட்டாக்குக்கு மருத்துவர்கள் வைத்த பெயர்) திட்டத்தில், கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி 35 சின்ன மருத்துவமனைகளைச் சங்கிலியாகக் கோத்தார்கள். சின்ன இடத்தில் எடுத்த ஈசிஜி உடனே பெரிய இடத்துக்குப் போகும், அங்கிருந்து ஊசி போடச் சொல்வார்கள், போட்டதும் ஆம்புலன்ஸ், மறுநாளுக்குள் ஆஞ்சியோ, ஏழைக்கு அரசுக் காப்பீடு. 2,420 பேரின் கணக்கு 2017-இல் வெளியானது. ஆஞ்சியோ கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள், ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இது முன்-பின் ஒப்பீடுதான், சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, அதனால் குறைந்தது எல்லாம் திட்டத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நான் படித்த எல்லா ஆய்விலும் எங்கள் தெருவுக்கு மிகக் கிட்டே வந்தது இதுதான்.

2023 ஜூனில் அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டமும் அதே திசையில் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரை தயாராக இருக்கும்: ஆஸ்பிரின் இரண்டு, ரத்தக்கட்டி சேராமல் தடுக்கிற குளோபிடோகிரல் நான்கு, கொழுப்பு குறைக்கிற அடோர்வாஸ்டாடின் எட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். 1988-இல் பதினேழாயிரம் பேர் சொன்ன ஆஸ்பிரின் பாடம் துணை சுகாதார நிலைய அலமாரிக்கு வந்து சேர 35 வருடம் ஆகியிருக்கிறது. (இதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நாமே விழுங்கக்கூடாது, வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு போன்ற சிக்கல் உள்ளவர்களுக்கு இதுவே ஆபத்து. செவிலியரோ மருத்துவரோ பார்த்துக் கொடுக்க வேண்டியது.)

என்னைக் கேட்டால், வடசென்னையில் அடுத்து நடக்க வேண்டிய ஆராய்ச்சி லேபில் இல்லை. காசிமேடு துறைமுகத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஈசிஜி மெஷினும் அதை எடுக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் என்ன ஆகும்? கிளினிக்குகளுக்கெல்லாம் ஈசிஜி கொடுத்து அதை ஸ்டெமி சங்கிலியில் சேர்த்தால் எத்தனை நிமிடம் மிச்சமாகும்? கேட் போட்டிருக்கும் நேரம் தெரிந்து 108 வண்டி வேறு வழியில் போனால்? இவையெல்லாம் அளந்து பார்க்கக்கூடிய கேள்விகள், மருந்துக் கம்பெனிக்கு இதில் லாபம் இல்லை என்பதால் அரசுதான் பணம் போட வேண்டும். அளப்பதற்கு முன்னால் கடிகாரத்தை எங்கே தொடங்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். கிரியேட் மாதிரிப் பதிவேடுகளில் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், சோடா குடித்துவிட்டுப் படுத்து எழுந்திருக்காதவர்கள் இல்லை. வந்தவர்களின் நேரமும் அவர்களே சொன்ன நேரம்.

போன மாதம் மாமாவின் பழைய கேஸ் ஷீட் நகலை எடுத்துப் பார்த்தேன். வலி தொடங்கிய நேரம் காலை 7 மணி, தாமதம் நான்கு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. "ஏன் மாமா, மூணு மணிக்குத்தானே வந்துச்சு?" என்று கேட்டேன். "அது கேஸுடா," என்றார், "வலி ஏழு மணிக்குத்தான் வந்துச்சு."